சுமையைத் தூக்கத் தெரியாத பொம்மை

அனிமேஷன் பழகுபவருக்கு உலகம் முழுவதும் முதல் பாடம் ஒன்றுதான்: பந்து. கை, கால், முகம் எதுவும் இல்லாத ஒரு வட்டத்தைத் துள்ள வைக்க வேண்டும். கொல்லிமலையில் உட்கார்ந்து பழகுகிறவர் என்றால் பந்தோடு ஒரு பலாப்பழத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். பந்து விழுந்து எழும்பும். பலா தொப்பென்று விழுந்து, அரைச் சுற்று உருண்டு, கிடந்துவிடும். விழும்போது இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே வேகம்தான். எது கனம், எது லேசு என்பது தரையைத் தொட்ட பிறகுதான் தெரிகிறது.

சினிமாவில் நொடிக்கு 24 படங்கள். கையிலிருந்து நழுவிய பழம் முதல் படத்துக்குள் ஒரு சென்டிமீட்டர்கூட இறங்குவதில்லை. பன்னிரண்டாவது படத்தில், அதாவது அரை நொடியில், 1.2 மீட்டர் இறங்கியிருக்கும். முழு நொடியில் 4.9 மீட்டர். சமமான நேரத் துண்டுகளில் விழும் தூரம் 1, 3, 5, 7 என்று ஒற்றைப்படை எண்களின் விகிதத்தில் கூடும் என்பதைக் கலிலியோ 17ஆம் நூற்றாண்டிலேயே எழுதிவிட்டார். நாமும் பள்ளியில் படித்திருக்கிறோம். ஆனால் பழக வந்தவர் முதலில் செய்து காட்டும் பழம் லிஃப்டில் இறங்குவதுபோல ஒரே சீராக இறங்கும். ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவில் விடும் தூரத்தை அனிமேட்டர்கள் ‘ஸ்பேசிங்’ என்பார்கள். பரீட்சையில் மதிப்பெண் வாங்கித் தந்த சூத்திரம் கைக்குப் பழக மாதக்கணக்கில் ஆகிறது.

பந்துக்குப் பிறகு பந்தில் வால், பிறகு பந்துக்கு இரண்டு கால், அதன் பிறகுதான் முழு மனித உருவம். கணினியில் எலும்பும் மூட்டும் பொருத்தித் தயாராகக் கிடைக்கும் அந்தப் பொம்மைக்கு ‘ரிக்’ என்று பெயர். முகபாவம், வசனம் எதுவும் இல்லாமல் அந்த உருவத்தை நடக்க, குதிக்க, தள்ள, தூக்க வைக்கும் பயிற்சியைத்தான் ‘பாடி மெக்கானிக்ஸ்’ என்கிறார்கள். பெரும்பாலான மாணவர்கள் நாள்கணக்கில் மாட்டிக்கொள்ளும் இடம் இது. வாத்தியார் பார்த்துவிட்டுச் சொல்வது அநேகமாக ஒரே வாக்கியம்: “நல்லாத்தான் இருக்கு, ஆனா வெயிட்டே தெரியலையே.”

ஏன் தெரியவில்லை? மாணவர் கையையும் காலையும் முதலில் அசைக்கிறார். இடுப்பு அவற்றின் பின்னால் மிதந்து வருகிறது. நிஜ உடம்பில் நடப்பது தலைகீழ். நிற்கும் மனிதனின் ஈர்ப்பு மையம் தொப்புளுக்குச் சற்றுக் கீழே, இடுப்புக்கூட்டுக்குள் இருக்கிறது. ஒரு காலை எடுக்க வேண்டுமென்றால் முதலில் அந்த மையம் மற்றக் காலின் மேல் சாய வேண்டும். எழுந்து நின்று செய்து பாருங்கள். இடுப்பு நகராமல் ஒரு பாதத்தைத் தரையிலிருந்து தூக்கினால் அந்தப் பக்கமே விழுவீர்கள்.

பார்வையாளர் இந்த விதி எதையும் படித்தவர் இல்லை. ஆனாலும் கண்டுபிடித்துவிடுவார். ஸ்வீடனைச் சேர்ந்த உளவியலாளர் குன்னார் யோஹான்சன் 1973-இல் வெளியிட்ட ஆய்வு இதற்குச் சாட்சி. ஒருவரின் தோள், முழங்கை, மணிக்கட்டு, இடுப்பு, முழங்கால், கணுக்கால் என்று மூட்டுகளில் மட்டும் ஒளிப்புள்ளிகள் வைத்து, இருட்டில் நடக்க வைத்துப் படம் பிடித்தார். நின்றால் வெறும் புள்ளிக் கூட்டம். நகரத் தொடங்கியதும் பார்த்தவர்கள் ‘ஆள் நடக்கிறார்’ என்றார்கள். அதற்கு ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்குகூடப் போதும் என்று அவருடைய பிந்தைய சோதனைகள் காட்டின. பிறகு வந்த சோதனைகளில், புள்ளிகளை மட்டும் பார்த்தே தங்கள் நண்பரின் நடையை ஊகித்தவர்களும் உண்டு. பிறந்து இரண்டே நாளான குழந்தைகள்கூடத் தாறுமாறாக ஓடும் புள்ளிகளைவிட, உயிருள்ளதுபோல் நகரும் புள்ளிகளை அதிகம் பார்த்தன. 2014-இல் ‘கோச்சடையான்’ அனிமேஷன் படம் பார்த்துவிட்டு “பொம்மை மாதிரி இருக்கே” என்று உதட்டைப் பிதுக்கியவர்கள் அனிமேஷன் கல்லூரிக்குப் போனவர்கள் அல்ல.

கொல்லிமலையைப் பற்றிப் பேசிக்கொண்டு கொல்லிப்பாவையை விட்டுவிட முடியாது. சங்கப் புலவர்கள் தலைவியின் அழகுக்கு உவமையாக்கிய பாவை அது. தெய்வம் செய்தது என்றார்கள். பின்னால் வழங்கும் கதையில் அந்தப் பாவை அசையும், சிரிக்கும். சிரிப்பில் மயங்கி நெருங்கிய அரக்கர்கள் திரும்பவில்லை. மயக்கமும் அச்சமும் கலந்த இந்த உணர்வுக்கு 1970-இல் ஜப்பானிய ரோபோ ஆய்வாளர் மசாஹிரோ மோரி ஒரு வளைகோடு வரைந்தார். பொம்மை மனிதச் சாயலை நெருங்க நெருங்க நமக்குப் பிரியம் கூடுகிறது. ‘ஏறக்குறைய மனிதன்தான்’ என்ற இடத்தில் அந்தக் கோடு சட்டென்று பள்ளத்தில் விழுந்து, பிரியம் கிலியாகிவிடுகிறது. பொம்மை அசைந்தால் பள்ளம் இன்னும் ஆழம் என்பது மோரியின் கணிப்பு. சிரித்துக் கொல்லும் பாவையை நினைத்துப் பார்த்த மலைக்கு இதில் பெரிய வியப்பு இருந்திருக்காது.

நடைக்கு வருவோம். 1878-இல் கலிஃபோர்னியாவில் எட்வர்ட் மைபிரிட்ஜ் வரிசையாகக் கேமராக்கள் வைத்து ஓடும் குதிரையைப் படம் பிடித்தார். பிரான்சில் மாரே என்ற உடலியல் அறிஞர் நடையையும் பறத்தலையும் ஒரே தகட்டில் பதித்தார். அனிமேட்டர்கள் இன்றும் புரட்டும் படங்கள் அவை. நடையின் இயற்பியலை அளந்து சொன்னவர்களில் முக்கியமானவர் இத்தாலியின் ஜொவான்னி கவாஞ்ஞா. தரையில் ஊன்றிய கால் கோலாக நிற்க, அதன் உச்சியில் உடல் ஒரு வில்வடிவில் கடந்து போகிறது. தலைகீழாக நிறுத்திய ஊசல். ஏறும்போது வேகம் குறைந்து உயரமாகச் சேர்கிறது. இறங்கும்போது உயரம் வேகமாகத் திரும்புகிறது. ஒவ்வோர் அடிக்கும் உடலின் மையம் நாலைந்து சென்டிமீட்டர் ஏறி இறங்குகிறது. இந்தக் கொடுக்கல் வாங்கலால்தான் மைல்கணக்கில் நடந்தும் நமக்கு மூச்சு வாங்குவதில்லை.

அனிமேஷன் புத்தகங்கள் இதை நான்கு நிலைகளாகப் பிரிக்கின்றன: குதிகால் தரையைத் தொடும் நிலை, உடல் அமுங்கும் நிலை, ஒரு கால் மற்றதைக் கடக்கும் நிலை, உடல் எழும்பும் நிலை. சாதாரண நடையில் ஓர் அடிக்கு 12 படங்கள். ஒரு வேடிக்கை: ஆய்வகத்தில் அளந்தால் உடல் அதிகபட்ச உயரத்தில் இருப்பது கால் கடக்கும் தருணத்தை ஒட்டி. அனிமேட்டர்கள் அதைக் கொஞ்சம் தள்ளி, கால் கடந்த பிறகு வைக்கிறார்கள். பின்காலின் உந்துதல் அப்போதுதான் கண்ணுக்குத் துடிப்பாகத் தெரிகிறதாம். கணக்கு தப்பு, நடை சரி.

இந்த அட்டவணைகள் எல்லாம் சமதளத்தில் சப்பாத்து போட்டு நடப்பவருக்காக வரைந்தவை. கொல்லிமலையில் சமதளத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். மலைக்கு ஏறும் பாதையிலேயே 70 கொண்டை ஊசி வளைவுகள். அறப்பளீசுவரர் கோயிலிலிருந்து ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். போகும்போது இறக்கம், திரும்பும்போது ஏற்றம். அந்தப் படிகளின் பக்கவாட்டில் அரைமணி நேரம் நின்று பார்க்கும் மாணவருக்குக் கிடைக்கும் பாடம் பெரியது.

ஏறுகிறவரிடம் ஊசல் இல்லை. உயரம் திரும்ப வேகமாக மாறுவதற்கு இறக்கமே வருவதில்லையே. ஒவ்வொரு படியிலும் முழு உடலையும் தசை தூக்கியாக வேண்டும். தசை செலவழிக்கும் சக்தியில் வேலையாக மாறுவது அதிகம் போனால் கால் பங்கு, மீதி வெப்பம். அதனால் மார்பு முன்னே சாய்கிறது, முழங்கால் விரல்களுக்கு மேல் வருகிறது, களைத்தவர் கையைத் தொடையில் ஊன்றி அழுத்துகிறார். இறங்குகிறவருக்கோ மூச்சு வாங்காது, மறுநாள் தொடைதான் வலிக்கும். முன்தொடைத் தசை சுருங்கி வேலை செய்வதற்குப் பதிலாக, நீண்டுகொண்டே உடலைப் பிடித்து நிறுத்துகிறது. நாருக்குச் சேதம் அதில்தான் அதிகம். திரையில் இது எப்படித் தெரியும்? இறங்குபவரின் இடுப்பு பின்னுக்குத் தங்கும், பாதம் தொட்ட பிறகும் முழங்கால் மடங்கிக்கொண்டே போகும். படியில் இறங்கும் பொம்மையின் முழங்கால் விறைப்பாக நின்றால் பார்ப்பவருக்கு ஏதோ உறுத்தும். என்னவென்று சொல்லத் தெரியாது.

அடுத்தது சுமை. 60 கிலோ எடையுள்ள ஒருவர் 20 கிலோ பலாவை, பாதங்களின் மையத்திலிருந்து 40 சென்டிமீட்டர் முன்னே ஏந்தியிருக்கிறார் என்று வைப்போம். குப்புற விழாமல் இருக்க அவருடைய சொந்த எடையின் மையம் 13 சென்டிமீட்டர் பின்னால் போயாக வேண்டும். பழத்தை வயிற்றோடு அணைத்து அந்தத் தூரத்தை 20 ஆகக் குறைத்தால் 7 சென்டிமீட்டர் போதும். அதையே தலையில் ஏற்றினால் சாய வேண்டியதே இல்லை. சோளக்காடு சந்தைக்குப் பழம் கொண்டுவருகிறவர்களுக்கு இந்தக் கணக்கு தேவைப்படவில்லை, தலையில் சுருட்டி வைக்கும் சும்மாடு போதும்.

சும்மாட்டின் மேல் சுமை ஏறியதும் நடையின் இலக்கணமே மாறுகிறது. சாதாரண நடையில் தலை ஏறி இறங்கும். இங்கே தலை ஒரு கோட்டில் போக வேண்டும். ஏற்ற இறக்கத்தை இடுப்பும் முழங்காலும் வாங்கிக்கொள்கின்றன. அடி குறுகுகிறது. ஒரு கை மேலே பிடித்திருந்தால் மற்றக் கை மட்டும் வீசுகிறது. யாராவது கூப்பிட்டால் கழுத்து திரும்பாது. முதலில் கண், பிறகு முழு உடம்பு. இந்தக் கடைசி விஷயத்தைச் சரியாகச் செய்த மாணவரின் பொம்மைக்கு வேறெதுவும் செய்யாமலே எடை வந்துவிடும்.

தலைச்சுமையை அறிவியல் விட்டுவைக்கவில்லை. கிழக்கு ஆப்பிரிக்கப் பெண்கள் தம் எடையில் ஐந்தில் ஒரு பங்கு வரை தலையில் சுமந்தும் கூடுதல் சக்தி செலவழிப்பதில்லை என்று 1986-இல் ‘நேச்சர்’ இதழில் ஓர் ஆய்வு வந்தது. சுமை ஏறியதும் அவர்களுடைய ஊசல் இன்னும் கச்சிதமாக வேலை செய்கிறது என்று 1995-இல் கவாஞ்ஞாவும் கூட்டாளிகளும் விளக்கம் தந்தார்கள். தென்னாப்பிரிக்காவில் பின்னர் நடந்த ஆய்வு ஆளுக்கு ஆள் வித்தியாசம் மிக அதிகம் என்று காட்டியதால் அந்த முடிவு இன்று முன்போல உறுதியாக நிற்கவில்லை. எனக்கு அதில் ஆச்சரியம் இல்லை. ஒரே தெருவில் குடம் சுமக்கும் இரண்டு பெண்களின் நடை ஒன்றாகவா இருக்கிறது? படம் பிடிக்கப் போகும் மாணவருக்கு ஒரு வார்த்தை: கேட்டுவிட்டு எடுங்கள். சுமையோடு போகிறவரை நிறுத்தி வைத்துக்கொண்டு அனுமதி கேட்காதீர்கள். இறக்கி வைத்த பிறகு கேளுங்கள்.

இந்த மலையின் தலைவன் வல்வில் ஓரியையும் பயிற்சிக்கு எடுத்துக்கொள்ளலாம். புதிதாகப் பழகுபவரின் வில்லாளி முழங்கையை மட்டும் பின்னுக்கு இழுப்பான். நாணை உண்மையில் இழுப்பது முதுகு: தோள்பட்டை எலும்பு முதுகுத்தண்டை நோக்கி நகர வேண்டும். இழுக்க ஒரு நொடிக்கு மேல் ஆகலாம். விடுவது ஒரே படம். நொடிக்கு 50 மீட்டர் வேகத்தில் பாயும் அம்பு ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் இரண்டு மீட்டர் கடந்துவிடுவதால், அம்பை வரைந்து பயனில்லை; விட்ட கை பின்னுக்குத் தெறிப்பதை வரைந்தால்தான் அம்பு போனதே தெரியும். ஓரியின் ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு என ஐந்தையும் துளைத்தது என்கிறது புறநானூறு. டிஸ்னி கலைஞர்கள் ஃபிராங்க் தாமஸும் ஆலி ஜான்ஸ்டனும் 1981-இல் புத்தகமாகத் தொகுத்த 12 அனிமேஷன் விதிகளில் மிகைப்படுத்தலும் ஒன்று. ஓரியைப் பாடிய வன்பரணருக்கு அதைச் சொல்லித்தர வேண்டியிருந்திருக்காது.

இந்தியாவில் அனிமேஷன் பாடம் முறையாகத் தொடங்கியது 1956-இல். பம்பாயில் ஃபிலிம்ஸ் டிவிஷனின் கார்ட்டூன் பிரிவுக்குப் பயிற்சி தர டிஸ்னியில் வேலை பார்த்த கிளேர் வீக்ஸ் வந்தார். அவரிடம் பழகியவர்களில் ஒருவர் ராம் மோகன். சென்னைப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்தவர், பிற்பாடு இந்திய அனிமேஷனின் தந்தை என்று பெயர் பெற்றவர். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஜப்பானிய இயக்குநர் யூகோ சாகோவுடன் அவர் ராமாயணத்தைப் படமாக்கியபோது பாடம் திசை மாறியது. வேட்டி கட்டியவர் எப்படி இருப்பார், பிள்ளைகள் பெரியவர்களிடம் எப்படி ஆசி வாங்குவார்கள் என்றெல்லாம் இந்தியர்கள் ஜப்பானிய ஓவியர்களுக்குக் காட்ட வேண்டியிருந்தது. உலகத் தரமான கைகள்தான்; ஆனால் அந்த உடம்புகளைப் பார்த்துப் பழகாத கண்கள். சும்மாட்டு நடைக்கும் இது பொருந்தும். இலவச மென்பொருளான பிளெண்டரில் செய்த ‘ஃப்ளோ’ படம் 2025-இல் ஆஸ்கர் வாங்கிய பிறகு, கருவி இல்லை என்ற சாக்கும் போய்விட்டது.

கடைசியாக ஒரு சோதனை. ஸ்வீடனிலேயே ருனெசன், ஃப்ரிக்ஹோம் என்ற இருவர் யோஹான்சனின் புள்ளி முறையில் ஆள்கள் பெட்டி தூக்குவதைப் படமாக்கினார்கள். பெட்டி என்ன எடை என்று புள்ளிகளை மட்டும் பார்த்தே மக்கள் ஓரளவு சரியாகச் சொன்னார்கள், இது 1981-இல். இரண்டு ஆண்டு கழித்து வந்த ஆய்வில், தூக்குகிறவர்களை ஏமாற்றச் சொன்னார்கள்: லேசான பெட்டியைக் கனமானதுபோல் நடித்துத் தூக்க வேண்டும். பார்த்தவர்கள் நடிப்பையும் கண்டுபிடித்தார்கள், நடித்த எடையையும் நிஜ எடையையும் தனித்தனியே ஊகித்தார்கள். அனிமேட்டர் செய்வது முழுக்க இந்த ஏமாற்று வேலைதான். அவருடைய பெட்டிக்கு எடையே கிடையாது. ஆகவே அறையில் காலி அட்டைப்பெட்டியைத் தூக்கி நடித்து, அதைக் கைப்பேசியில் பிடித்து, பார்த்துச் செய்கிற மாணவர் அந்த நடிப்பையும் சேர்த்தே நகலெடுக்கிறார். இருபது கிலோ வேண்டுமென்றால் இருபது கிலோ பலாவையே தூக்க வேண்டும். முதுகை வளைக்காமல், முழங்காலை மடக்கி.