3 லட்சம் ஆஃபரா, 2.4 லட்சம் ஆஃபரா? ஒரு பைலட் தம்பியோட கணக்கு நமக்கு சொல்லிக் கொடுக்கிற பாடம்



சில நாள் முன்னாடி நம்ம சேனல் பார்க்கிற தம்பி ஒருத்தர் மெயில் அனுப்பியிருந்தார். "அண்ணா, பைலட் லைசன்ஸ் எடுத்துட்டேன். ரெண்டு ஏர்லைன்ஸ்ல இருந்து கோ-பைலட் ஆஃபர் வந்திருக்கு. ஒண்ணு மாசம் 3 லட்சம், இன்னொண்ணு 2.4 லட்சம். எல்லாரும் 3 லட்சத்தை எடுன்னு சொல்றாங்க. ஆனா அப்பா வீட்டை அடமானம் வெச்சுதான் என்னைப் படிக்க வெச்சார். தப்பா முடிவு எடுத்துடுவேனோன்னு பயமா இருக்கு."

"மாசம் 3 லட்சம் வாங்குறவருக்கு என்ன பயம்?"னு உங்களுக்குத் தோணலாம். எனக்கும் முதல்ல அப்படித்தான் தோணுச்சு. ரெண்டு ஆஃபரையும் பிரிச்சுப் பார்த்ததும்தான் அந்த பயத்துல அர்த்தம் இருக்குன்னு புரிஞ்சுது. ஐடி, பேங்க், ஃபேக்டரின்னு நீங்க எங்க வேலை பார்த்தாலும் இந்தக் கணக்கு உங்களுக்கும் உதவும். அடையாளம் தெரியக்கூடாதுன்னு நம்பர்களை மட்டும் மாத்தியிருக்கேன்.

முதல்ல ரெண்டு ஆஃபரையும் பார்ப்போம்

ஒரு கம்பெனி புதுசு, வேகமா வளருது. அதை "புதுசு"ன்னு கூப்பிடுவோம். இன்னொண்ணு நிறைய விமானம் வெச்சிருக்கிற கம்பெனி. அது "பெருசு".

பைலட் சம்பளம் நம்ம சம்பளம் மாதிரி இல்லைங்க. ஒரு பகுதி ஃபிக்ஸட். இன்னொரு பகுதி, எத்தனை மணி நேரம் பறந்தீங்களோ அதுக்கு ஏத்த மாதிரி. பறக்கிற மணி குறைஞ்சாலும் "குறைந்தபட்சம் இத்தனை மணிக்கு காசு கண்டிப்பா தருவோம்"னு கம்பெனி ஒரு உத்தரவாதம் கொடுக்கும்.

- புதுசு: ஃபிக்ஸட் 1,00,000. ஒரு மணி நேரத்துக்கு 2,500. உத்தரவாதம் 40 மணி நேரம்.
- பெருசு: ஃபிக்ஸட் 1,00,000. ஒரு மணி நேரத்துக்கு 2,000. உத்தரவாதம் 70 மணி நேரம்.

புதுசு சொல்ற 3 லட்சம், மாசம் 80 மணி நேரம் பறந்தாதான் வரும். 40 மணி நேரம் மட்டும் பறந்தா 2 லட்சம்தான். பெருசுல 70 மணி நேரம் பறந்தாலும் 2.4 லட்சம், 30 மணி நேரம் பறந்தாலும் அதே 2.4 லட்சம்.

அப்போ எத்தனை மணி நேரம் தாண்டினா புதுசு லாபம்? 2.4 லட்சத்துல ஃபிக்ஸடைக் கழிச்சா 1.4 லட்சம். அதை 2,500-ஆல வகுத்தா 56. மாசம் 56 மணி நேரத்துக்கு மேல பறந்தா புதுசு ஜெயிக்கும், குறைஞ்சா பெருசு ஜெயிக்கும். இந்த 56-ஐ மனசுல வெச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

பறக்கிற நேரம் பைலட் கையில இல்ல

"நல்லா உழைச்சா 80 மணி நேரம் பறந்துடலாமே?" முடியாது. ரோஸ்டர் போடுறது கம்பெனி. விமானம் ரிப்பேர்ல நின்னா பைலட்டும் வீட்டுல இருக்க வேண்டியதுதான். புதுசா சேர்றவங்களுக்கு கிளாஸ், சிமுலேட்டர், லைன் ட்ரெய்னிங்னு முதல் சில மாசம் பறக்கிற அலவன்ஸே வராம போகலாம். அந்த மாசங்கள்ல என்ன தருவாங்கன்னு ஆஃபர் லெட்டர்ல தனியா பார்க்கணும்.

2020 கொரோனா ஞாபகம் இருக்கா? மார்ச் 25-ல இருந்து மே 25 வரைக்கும் நாட்டுக்குள்ள பயணிகள் விமானமே ஓடல. அப்போ உத்தரவாத மணி நேரத்துலயே கை வெச்ச கம்பெனிகளும் இருந்துச்சு. அதனால உத்தரவாதம்ங்கிறது இரும்புக் கோட்டை இல்ல. ஆனா சாதாரணமா வர்ற மந்தமான மாசங்களுக்கு அது நல்ல குடை.

உங்க ஆஃபர்ல இருக்கிற "வேரியபிள் பே", "பெர்ஃபாமன்ஸ் போனஸ்" எல்லாம் இதே கதைதான். அது உங்க உழைப்பைப் பொறுத்ததா, கம்பெனி நிலைமையைப் பொறுத்ததான்னு கேளுங்க.

கைக்கு வர்றது எவ்வளவு?

2025-26 நிதியாண்டு புது வரி முறைப்படி, 75,000 ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் கழிச்சு வரி போட்டா (பிஎஃப் பிடித்தம் சேர்க்காம) மாசக் கணக்கு சுமாரா இப்படி வரும்:

- புதுசு, 80 மணி நேரம்: 3,00,000-ல வரி 55,250. கைக்கு 2,44,750.
- பெருசு, 70 மணி நேரம்: 2,40,000-ல வரி 36,500. கைக்கு 2,03,500.
- புதுசு, 40 மணி நேரம்: 2,00,000-ல வரி 24,400. கைக்கு 1,75,600.

ஆஃபர்ல 60,000 வித்தியாசம் தெரிஞ்சுது. கைக்கு வரும்போது அது 41,000 சொச்சம்தான். 30 சதவீத வரம்புல இருக்கிறவங்களுக்கு சம்பள உயர்வு இப்படித்தான் கரையும்.

இப்போ கடனைப் பார்ப்போம். தம்பியோட படிப்புக் கடன் 60 லட்சம். 10.5% வட்டி, 10 வருஷம். இஎம்ஐ சுமார் 81,000. வீட்டுச் செலவு 50,000. ஆக மாசம் 1,31,000 தேவை. வீடு அடமானத்துல இருக்கிறதால, குறைஞ்சது ஒரு வருஷச் செலவாவது எமர்ஜென்ஸி ஃபண்டா இருக்கணும்னு நான் சொல்வேன். அது 15.72 லட்சம்.

இந்த ஃபண்ட் சேர எவ்வளவு நாள் ஆகும்?

- புதுசு, நல்லா பறந்தா: 14 மாசம்.
- பெருசு: 22 மாசம்.
- புதுசு, 40 மணி நேரம் மட்டும்னா: 35 மாசம்.

புதுசு ஒண்ணு ரொம்ப நல்லா இருக்கும், இல்லன்னா ரொம்ப இழுக்கும். பெருசு நடுவுல நிக்குது.

ஆனா புதுசுக்கு ஒரு பெரிய பலம் இருக்கு

ஏர்லைன்ஸ்ல சீனியாரிட்டிதான் எல்லாமே. யார் முதல்ல சேர்ந்தாங்களோ அவங்க லிஸ்ட்ல மேல. கேப்டன் ஆகுற வாய்ப்பும் பெரும்பாலும் அந்த வரிசையிலதான் வரும். கேப்டன் ஆக ஏடிபிஎல் லைசன்ஸ் வேணும், அதுக்கு குறைஞ்சது 1,500 மணி நேரம் பறந்திருக்கணும். கம்பெனிகள் அதுக்கும் மேல எதிர்பார்க்கும்.

வளர்ற கம்பெனியில ஆரம்பத்துலயே சேர்ந்தா வரிசை சின்னது. பெருசுல ஆயிரக்கணக்கான பேர் முன்னாடி நிப்பாங்க. கேப்டன் ஆனா மாசம் 3 லட்சம் கூடுதல்னு வெச்சுக்குவோம். 2 வருஷம் முன்னாடியே கேப்டன் ஆனா 72 லட்சம் கூடுதலா கிடைக்கும். அவரோட மொத்தக் கடனை விட அது பெருசு!

இதனாலதான் "பெரிய கம்பெனிக்குப் போ, சேஃப்"னு கண்ணை மூடிட்டு நான் சொல்லல.

ஒரு சிக்கல் என்னன்னா, இந்த சீனியாரிட்டியை அடுத்த கம்பெனிக்கு எடுத்துட்டுப் போக முடியாது. 4 வருஷம் கழிச்சு மாறினா, அங்க லிஸ்ட்ல கடைசி ஆள் நீங்கதான். ஐடியில கம்பெனி மாறினா சம்பளம் ஏறும். பைலட் வேலையில மாறினா வரிசை திரும்ப முதல்ல இருந்து தொடங்கும்.

கம்பெனி நிக்குமா?

கிங்ஃபிஷர் 2012 அக்டோபர்ல பறக்கிறதை நிறுத்துச்சு. ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரல்ல. கோ ஃபர்ஸ்ட் 2023 மே மாசம். இதுல ஜெட் 1993-ல ஆரம்பிச்ச கம்பெனி. 25 வருஷத்துக்கு மேல ஓடினதுதான். அதனால கம்பெனிக்கு எத்தனை வயசுங்கிறதை வெச்சு முடிவு பண்ணாதீங்க.

ஜெட் விஷயத்துல 2024 நவம்பர்லதான் சுப்ரீம் கோர்ட், கம்பெனியைக் கலைச்சு சொத்தை வித்துக் கொடுங்கன்னு உத்தரவு போட்டுச்சு. நின்னு 5 வருஷத்துக்கு அப்புறம்! சம்பள பாக்கி வரும்னு நம்பி இஎம்ஐ கட்ட முடியுமா சொல்லுங்க?

அப்போ எதைப் பார்க்கணும்? அங்க ஏற்கனவே வேலை பார்க்கிறவங்ககிட்ட மூணு கேள்வி கேளுங்க.

1. சம்பளம் ஒவ்வொரு மாசமும் ஒரே தேதியில வருதா?
2. பிஎஃப் பணம் பாஸ்புக்ல மாசா மாசம் ஏறுதா?
3. பிடிச்ச டிடிஎஸ், 26ஏஎஸ்-ல காட்டுதா?

கம்பெனிக்கு காசு முட்டுப்பாடு வந்தா முதல்ல தள்ளிப்போறது பெரும்பாலும் பிஎஃப், டிடிஎஸ் மாதிரி விஷயங்கள்தான். பேப்பர்ல நியூஸ் வர்றதுக்கு முன்னாடியே இது தெரிஞ்சிடும். ஒழுங்கா கட்டி, இபிஎஃப்ஓ கணக்குல ஏறின பணம் உங்களோடது. கம்பெனி திவாலானாலும் கடன் கொடுத்தவங்க அதைத் தொட முடியாது.

விமானக் கம்பெனிக்கு இன்னொரு கேள்வியும் உண்டு. ஆர்டர் கொடுத்தது எத்தனைன்னு கேட்காதீங்க, இன்னைக்குப் பறக்கிற விமானம் எத்தனைன்னு கேளுங்க. போன வருஷம் எத்தனை கோ-பைலட் கேப்டன் ஆனாங்கன்னும் கேளுங்க. அந்த 72 லட்சம் நிஜமா, வெறும் பேச்சான்னு இந்த பதில்ல தெரிஞ்சிடும்.

வெளியே வர எவ்வளவு செலவு?

புதுசுல 5 வருஷ பாண்ட், 20 லட்சம். பெருசுல 3 வருஷம், 15 லட்சம். தொகையை விட முக்கியமான கேள்வி, வருஷா வருஷம் அது குறையுமா, இல்ல கடைசி நாள் வரைக்கும் முழுசா நிக்குமா? ஆஃபர் லெட்டர்ல அந்த ஒரு வரியைத் தேடிப் படிங்க.

நோட்டீஸ் பீரியட் வேற இருக்கு. 2017-ல டிஜிசிஏ கொண்டு வந்த விதிப்படி கோ-பைலட்டுக்கு 6 மாசம், கேப்டனுக்கு 1 வருஷம். "பார்த்துக்கலாம்"னு விட்டுட்டுப் போக முடியாது. 2023-ல ஆகாசா ஏர், 43 பைலட்கள் நோட்டீஸ் முடிக்காம போயிட்டாங்கன்னு பாம்பே ஹைகோர்ட் வரைக்கும் போச்சு.

கடைசியா மெடிக்கல். பைலட்டுக்கு கிளாஸ் 1 மெடிக்கல் ஃபெயிலானா வேலையே போயிடலாம். சாதாரண டேர்ம் இன்ஷூரன்ஸ் இதுக்கு உதவாது. லாஸ் ஆஃப் லைசன்ஸ் இன்ஷூரன்ஸ்னு தனியா இருக்கு. கம்பெனி தருதா, எவ்வளவு தொகைக்குன்னு கேட்கணும். அப்பா வீட்டு பத்திரம் பேங்க்ல இருக்கும்போது இதை விடவே கூடாது.

அப்போ தம்பிக்கு என்ன சொன்னேன்?

"இந்த நிலைமையில பெருசை எடுங்க தம்பி"ன்னுதான் சொன்னேன். காரணம் ஒண்ணுதான். கையில ஒரு மாசச் சேமிப்பு கூட இல்ல. புதுசுல முதல் ரெண்டு வருஷம் மந்தமா போனா, அதோட விலை வெறும் சம்பளக் குறைவு இல்ல, அப்பாவோட வீடு. கேப்டன் சீட் 2 வருஷம் தள்ளிப்போகலாம், அது பெரிய இழப்புதான், மறுக்கல. ஆனா அந்த 72 லட்சத்தைத் தொடணும்னா அதுவரைக்கும் தாக்குப்பிடிக்கணும் இல்லையா?

கூடவே ஒண்ணு சொன்னேன். "முடிவு பண்றதுக்கு முன்னாடி புதுசுகிட்ட ஒரு தடவை கேளுங்க. உத்தரவாதத்தை 40-ல இருந்து 56 மணி நேரமா எழுத்துல தருவாங்களா? தந்தா, மோசமான மாசத்துலயும் ரெண்டு சம்பளமும் ஒண்ணாயிடும். பிஎஃப், சம்பளத் தேதி எல்லாம் சரியா இருந்து, கேப்டன் ஆன கணக்கும் நல்லா இருந்தா, அப்போ புதுசை எடுக்கலாம்." ஃப்ரெஷருக்கு மாத்தித் தர மாட்டாங்கன்னே வெச்சுக்கோங்க. கேட்கிறதுக்கு காசு இல்லையே!

இதே தம்பிக்கு கடன் இல்லாம, கையில ஒரு வருஷச் செலவு இருந்திருந்தா? யோசிக்காம புதுசுக்குப் போன்னு சொல்லியிருப்பேன். ஆஃபர் அதேதான், ஆளோட நிலைமை மாறினா பதில் மாறும். அதனால நண்பன் எதை எடுத்தான்னு பார்த்து நீங்க எடுக்காதீங்க.

உங்க கையில ரெண்டு ஆஃபர் இருந்தா, இன்னைக்கு ராத்திரி ஒரு பேப்பர் எடுங்க. ரெண்டுலயும் மோசமான மாசத்துல கைக்கு எவ்வளவு வரும்னு முதல்ல எழுதுங்க. அதுல இருந்து இஎம்ஐ, வீட்டுச் செலவைக் கழிங்க. மிச்சம் ப்ளஸ்ல நிக்குதான்னு பாருங்க. அதுக்கு அப்புறம்தான் நல்ல மாசத்தோட கணக்கு.

அடுத்த வீடியோவுல ஆஃபர் லெட்டர்ல பாண்ட், நோட்டீஸ் வரிகளை எப்படிப் படிக்கணும்னு பார்ப்போம்.