பழைய வேனுக்குப் புது கிளட்ச் செட்: எதைப் பார்த்து வாங்குவது?

பண்ருட்டியில் பலாப்பழ லோடு ஏற்றும் வேனானாலும், கட்டில், தண்ணீர்த் தொட்டி, அடுப்பு வைத்துச் சுற்றுலாவுக்கு மாற்றிய வேனானாலும் கிளட்சைத் தின்பது எடைதான். ஏன்?

வண்டி கிளம்பும்போது ஃப்ளைவீல் சுற்றுகிறது, சக்கரம் நிற்கிறது. இரண்டும் ஒத்துப்போகும்வரை கிளட்ச் பிளேட் வழுக்குகிறது. அந்த வழுக்கல் சூடாக மாறுகிறது. எடை இருமடங்கானால் சூடும் ஏறக்குறைய இருமடங்கு. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஹாஃப் கிளட்சிலேயே ஏறினால் கேட்கவே வேண்டாம்.

கடையில் மாடல் பெயரை மட்டும் சொல்லாதீர்கள். பழைய வண்டியில் இன்ஜினோ கியர்பாக்ஸோ மாறியிருக்கலாம். கழற்றிய பிளேட்டையே கொண்டுபோய் வெளிவிட்டத்தையும் நடுத்துளைப் பற்களையும் ஒப்பிடுங்கள். பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் சேர்த்தே மாற்றுங்கள். பேரிங்குக்காக இன்னொரு முறை கியர்பாக்ஸை இறக்குவது வீண் கூலி.

கெட்டி ஸ்பிரிங் போட்ட பிரஷர் பிளேட் வழுக்கலைக் குறைக்கும். ஆனால் பெடல் கனக்கும், கேபிளும் சீக்கிரம் தேயும். இன்ஜின் மாறாத வண்டிக்கு ஒரிஜினல் அளவே போதும் என்பேன்.

ஃப்ளைவீலில் நீலத் திட்டுகள் இருந்தால் அங்கே இரும்பு சூட்டில் இறுகியிருக்கிறது. லேத்தில் சீவாமல் புதுப் பிளேட் போட்டால் கிளம்பும்போது வண்டி உதறும். இன்ஜினின் பின்பக்க ஆயில் சீலையும் அப்போதே பாருங்கள். ஆயில் பட்டால் புதுப் பிளேட்டும் பிடிக்காது.