ஸ்பெயின்: இரண்டு தரப்பும் ஒரு காலனியும்

ஸ்பானிய உள்நாட்டுப் போர் (1936–39) என்றதும் நம் இடதுசாரி வட்டாரத்தில் ஒரு கணக்கு தயாராக இருக்கும்: இந்தப் பக்கம் குடியரசு, அந்தப் பக்கம் பாசிசம். எந்தப் பக்கம் நிற்பது என்பதில் எனக்கும் குழப்பம் கிடையாது. ஆனால் இந்த எதிர்வுக்குள் அடங்காத ஒரு ஆள் அங்கே துப்பாக்கியோடு நிற்கிறான்.

முதலில் பெயர்கள். பிராங்கோ தரப்பு தன்னைத் 'தேசியர்' என்று அழைத்துக்கொண்டது. எதிராளிகளை மொத்தமாகச் 'சிவப்பர்' என்றது. சோசலிஸ்டுகள், கம்யூனிஸ்டுகள், அராஜகவாதிகள், தாராளவாதிகள், மாதாகோயிலுக்குத் தவறாமல் போகும் பாஸ்க் தேசியவாதிகள் எல்லாரும் அந்த ஒரே சொல்லுக்குள் அடக்கம். 1937 மே மாதம் பார்சிலோனாத் தெருக்களில் இவர்களுக்குள்ளேயே துப்பாக்கிச் சண்டை நடந்தது. இதெல்லாம் தெரிந்த கதை.

சரி, 'தேசியர்' படையின் முன்வரிசையில் நின்றது யாருங்கிறீங்க? மொராக்கோக்காரர்கள்! கலகமே 1936 ஜூலை 17 அன்று ஸ்பெயினின் ஆளுகையிலிருந்த வட மொராக்கோவில்தான் தொடங்கியது. ஜெர்மன், இத்தாலிய விமானங்கள் அங்கிருந்த படைகளை ஜலசந்தி தாண்டிக் கொண்டுவந்து இறக்கின. போர் முடிவதற்குள் 60,000க்கும் மேற்பட்ட மொராக்கோக்காரர்கள் பிராங்கோவுக்காகச் சண்டையிட்டார்கள். இஸ்லாமியச் சிப்பாய்களை வைத்து ஒரு கத்தோலிக்கச் 'சிலுவைப் போர்'!

1921இல் அப்துல் கரீம் தலைமையில் அன்வாலில் ஸ்பானியப் படையை நொறுக்கியவர்கள் ரிஃப் மலைமக்கள். பதிலுக்கு ஸ்பெயின் அவர்கள்மீது விமானத்திலிருந்து நச்சுவாயுக் குண்டு போட்டது. அந்த மண்ணிலிருந்தே அந்தப் படைக்கு ஆள் போனது எப்படி? பாசிசத்தின்மீது காதலா? வறுமை. முன்பணம், சம்பளம், வீட்டுக்குச் சர்க்கரை, எண்ணெய். கூடவே, கடவுளை மறுப்பவர்களுக்கு எதிரான போர் என்ற பிரச்சாரம்.

1936 செப்டம்பரில் மொராக்கோ தேசியவாதிகள் பார்சிலோனாவுக்கே வந்து பேசினார்கள். மொராக்கோவின் விடுதலையை அறிவித்தால் பிராங்கோவின் முதுகுக்குப் பின்னால் கலகம் மூட்டலாம் என்பது யோசனை. கேட்டலோனியாவின் பாசிச எதிர்ப்புப் படைக்குழுக் கமிட்டி ஒப்புக்கொண்டது. லார்கோ கபயெரோவின் மாட்ரிட் அரசு ஏற்கவில்லை. தன் பங்கு மொராக்கோவை எண்ணிப் பயந்த பிரான்ஸின் முகம் கோணக்கூடாதே! அப்துல் கரீமோ ரீயூனியன் தீவில் பிரெஞ்சுக் காவலில் கிடந்தார். களத்தில் நின்ற ஆர்வெல் இந்தக் கேள்வியை அப்போதே எழுப்பினார். அவரைப் படித்த நம்மாட்கள் ஏனோ அந்தப் பக்கங்களைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

குடியரசின் சுவரொட்டிகளில் மொராக்கோக்காரன் தடித்த உதடும் கத்தியுமாக ஒரு காட்டுமிராண்டி. அந்தப் படைகள் செய்த கொள்ளையும் பாலியல் வன்முறையும் பொய்யல்ல. ஜெனரல் கெய்போ தெ யானோ வானொலியிலேயே அதைச் சொல்லி மிரட்டினார். ஆனால் அந்த உதடு எங்கிருந்து வந்தது? நூற்றாண்டுகளாகக் கிறிஸ்தவ ஸ்பெயின் தன் 'மற்றது' என்று வரைந்து வைத்திருந்த முகம் அது. புரட்சிக்காரத் தூரிகையும் அதையே தொட்டு வரைந்தது. இதைச் சொன்னா தோழர்களுக்குக் கோபம் வரும், வரட்டும்.

1956இல் ஸ்பெயின் மொராக்கோவின் விடுதலையை ஏற்றது. மாட்ரிடில் கையெழுத்திட்டது பிராங்கோவின் அரசு.