உஷார்! பழைய கேரவனில் பட்டறை போடப் போகிறீர்களா?

பழைய கேரவனையோ டிராவலர் வேனையோ வாங்கி, உள்ளே மேஜையும் மெஷினும் போட்டு, ஊர் ஊராகப் போய்த் தொழில் செய்யலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருப்பவர்கள், அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். ஏற்கெனவே வாங்கிவிட்டவர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள்: இன்றைக்கு ராத்திரி ஜெனரேட்டரை ஓடவிட்டு அந்த வண்டிக்குள் படுக்காதீர்கள்.

யோசனையில் தப்பில்லை. கடைக்கு அட்வான்ஸ், மாத வாடகை, வருஷத்துக்கு ஒருமுறை ஏற்றம் என்று கொடுத்து மாளாதவர்களுக்கு, சக்கரம் வைத்த கடை பெரிய ஆறுதல்தான். தையல், செல்போன் சர்வீஸ், டூவீலர் சர்வீஸ், மிக்ஸி கிரைண்டர் ரிப்பேர் என்று எதை வேண்டுமானாலும் வாடிக்கையாளர் வாசலுக்கே கொண்டுபோகலாம். அதிலும் படப்பிடிப்புகளுக்கு ஓடித் தேய்ந்த கேரவன் என்றால் ஏசி, ஜெனரேட்டர், தண்ணீர்த் தொட்டி, படுக்கை எல்லாம் ஏற்கெனவே உள்ளே இருக்கும். "எல்லாம் ரெடியா இருக்கு சார், உங்க மெஷினை ஏத்தினா போதும்" என்பார் புரோக்கர். உள்ளே ரெடியாக இருக்கும் அந்தப் பழைய ஜெனரேட்டரையும் ஏசியையும் நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

கேரளத்தில் வடகரைக்குப் பக்கத்தில், நெடுஞ்சாலை ஓரமாக ஒரு கேரவன் வெகுநேரம் நகராமல் நின்றது. 2024 டிசம்பர் 23 அன்று கதவைத் திறந்து பார்த்தபோது, டிரைவரும் உடன் வந்த ஊழியரும் உள்ளே இறந்து கிடந்தார்கள். இருவர் உடம்பிலும் காயம் எதுவும் இல்லை. கோழிக்கோடு என்.ஐ.டி. நிபுணர்கள் அதே வண்டியில் ஜெனரேட்டரை ஓடவிட்டுச் சோதித்தார்கள். ஜெனரேட்டர் புகையில் இருந்த கார்பன் மோனாக்சைடு, வண்டியின் அடித்தளத்தில் இருந்த துளை வழியாக உள்ளே ஏறியிருக்கிறது. இரண்டு மணி நேரத்தில் அதன் அளவு 950 பிபிஎம்மை, அதாவது காற்றின் பத்து லட்சம் பங்கில் 950 பங்கைத் தாண்டியது. 800 பிபிஎம் இருந்தாலே முக்கால் மணி நேரத்தில் தலை சுற்றும், இரண்டு மணி நேரத்தில் நினைவு தப்பும், மூன்று மணி நேரத்துக்குள் உயிர் போய்விடும்.

இந்த வாயுவுக்கு நிறம் கிடையாது, மணம் கிடையாது, கண் எரியாது, இருமல் வராது. ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபின் ஆக்சிஜனைப் பிடிப்பதைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக இதைப் பிடித்துக்கொள்ளும். அப்புறம் நீங்கள் எவ்வளவு மூச்சு இழுத்தாலும் ஆக்சிஜனுக்கு அங்கே இடம் இருக்காது. முதலில் வருவது லேசான தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல், அசதி. வெயிலில் அலைந்தது, மதியம் சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துக் கொஞ்சம் படுக்கலாம் என்று தோன்றும். அப்படிப் படுப்பவர் எழுந்திருப்பதில்லை. வண்டிக்குள் வேலை செய்யும் இரண்டு பேருக்கு ஒரே நேரத்தில் தலை வலித்தால் மாத்திரையைத் தேடாதீர்கள். கதவைத் திறந்து இருவரும் வெளியே வாருங்கள். அப்புறம் 108-க்குப் போன் செய்யுங்கள்.

"நம்ம வண்டியில ஏசி ஓடுதே, காத்து மாறிக்கிட்டே இருக்குமே" என்று பலரும் நம்புகிறார்கள். ஏசி வெளிக்காற்றைக் கொண்டுவருவதில்லை. உள்ளே இருக்கிற காற்றையே குளிர்வித்துத் திரும்பத் திரும்பச் சுற்றவிடும். விஷம் கலந்திருந்தால் அதையும் சேர்த்துத்தான். ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்தால் போதும் என்பதும் சரியில்லை. ஜெனரேட்டர் பக்கம் இருந்து காற்று அடித்தால் அந்த ஜன்னலே புகைக்கு வாசலாகிவிடும்.

தகரக் கொட்டகைப் பட்டறையில் நாலு பக்கமும் காற்று புகுந்து வெளியேறும். கேரவன், குளிர் வெளியே போகாமலும் சத்தம் உள்ளே வராமலும் இருக்கும்படி அடைத்துக் கட்டிய பெட்டி. அதைப் பட்டறையாக மாற்றும்போது என்ன செய்கிறோம்? மெஷினை போல்ட் போட்டு இறுக்கத் தரையில் துளை போடுகிறோம். ஒயர் இழுக்க இன்னொரு துளை. பழைய டாய்லெட்டைக் கழற்றினால் அதன் குழாய் போன இடம் அப்படியே திறந்து கிடக்கும். பத்து வருஷத் துரு தின்ற இடங்கள், மேலே விரித்திருக்கும் மேட்டுக்கு அடியில் கண்ணில் படாமல் இருக்கும். ஜெனரேட்டரோ அதே தரைக்குக் கீழேதான் உட்கார்ந்திருக்கிறது. அதன் சைலன்சர் குழாயும் துருப்பிடித்ததுதான்.

ஆகவே வண்டியைப் பார்க்கப் போகும்போதே கார்பன் மோனாக்சைடு மீட்டர் ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள். ஆன்லைனில் கிடைக்கிறது. வெளியிலிருந்து கண்ணாடி வழியாக எண் தெரிகிற மாதிரி உள்ளே வையுங்கள். கதவு ஜன்னல்களை மூடி, ஏசியையும் ஜெனரேட்டரையும் ஓடவிட்டு, எல்லோரும் வெளியே நில்லுங்கள். ஒரு மணி நேரமாவது ஓடட்டும். எண் ஏற ஆரம்பித்தால் அந்த வண்டி இப்போதைக்கு ஆள் உட்காரத் தகுதியற்றது. ஏறவில்லை என்றாலும் பட்டறை வேலை முடிந்த பிறகு, புதுத் துளைகளையெல்லாம் அடைத்துவிட்டு, இதே சோதனையை மறுபடி செய்யுங்கள். அதற்குப் பிறகும் அலாரம் அடிக்கிற டிடெக்டர் ஒன்று வண்டிக்குள் எப்போதும் இருக்கட்டும். அதற்கும் ஆயுள் உண்டு. ஐந்து முதல் ஏழு வருஷத்தில் மாற்றியாக வேண்டும்.

என்னைக் கேட்டால் உள்ளே இருக்கும் ஜெனரேட்டரைக் கழற்றி விற்றுவிடுங்கள் என்பேன். லித்தியம் பேட்டரியும் இன்வெர்ட்டரும் கூரையில் சோலார் பேனலும் செலவுதான். ஆனால் புகை கிடையாது. ஜெனரேட்டர் இல்லாமல் முடியவே முடியாது என்றால், வண்டியிலிருந்து இருபது அடி தள்ளி, புகைக்குழாய் வண்டிக்கு எதிர்ப்பக்கம் பார்த்தபடி வைத்து ஓட்டுங்கள்.

அடுத்த ஆபத்து கரண்ட். தெருவில் வண்டியை நிறுத்தியதும் பக்கத்துக் கடையிலிருந்து எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இழுத்துக்கொள்வது வழக்கமாகிவிட்டது. வண்டி நிற்பது ரப்பர் டயர் மேல். உள்ளே ஏதோ ஓர் ஒயர் நசுங்கி பாடியில் பட்டால், அந்தக் கரண்ட் மண்ணுக்கு இறங்க வழியில்லாமல் வண்டி முழுக்க நிற்கும். உள்ளே இருக்கும் உங்களுக்கு ஒன்றும் தெரியாது. சட்டையைத் தைக்கக் கொடுக்க வரும் ஓர் அம்மா, ஒரு கால் மண்ணில் இருக்கும்போதே கைப்பிடியைப் பிடித்துப் படியேறுவார். மழை பெய்த ஈர மண்ணாக இருந்தால் நினைத்துப் பார்க்கவே நடுங்குகிறது. மூன்று கம்பி கேபிள், பாடியோடு இணைத்த எர்த், நிறுத்தும் இடத்தில் மண்ணில் அடிக்கும் எர்த் ராடு, கரண்ட் கசிந்தால் தானே இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி. இந்த நாலும் இல்லாமல் கரண்டை உள்ளே கொண்டுவராதீர்கள். லைசென்ஸ் வைத்திருக்கும் எலக்ட்ரீஷியனைக் கொண்டு செய்யுங்கள். ஆர்சிசிபியில் இருக்கும் டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள்.

பேட்டரி பக்கமும் கவனம் வேண்டும். 1,500 வாட் மெஷின் வீட்டில் 230 வோல்ட்டில் ஓடும்போது 7 ஆம்பியருக்கும் குறைவாகத்தான் இழுக்கும். அதே மெஷினை 12 வோல்ட் பேட்டரியிலிருந்து இன்வெர்ட்டர் வழியாக ஓட்டினால் பேட்டரி ஒயரில் 125 ஆம்பியருக்கு மேல் ஓடும். வீட்டு ஒயரிங்கில் மிச்சமான ஒயரை அங்கே போட்டால் அது அடுப்புக் கம்பி மாதிரி சிவந்துவிடும். தடித்த கேபிள் போடுங்கள். பேட்டரியின் பாசிட்டிவ் முனையை ஒட்டியே ஃபியூஸ் போடுங்கள். பழைய ஆசிட் பேட்டரி என்றால் சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வரும். காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே ஒரு சின்னப் பொறி போதும் அது வெடிக்க. சீட்டுக்கு அடியில் மூடிய பெட்டியில் அதை வைக்கவே கூடாது.

தீப்பிடித்தால் என்ன ஆகும் என்பதை நாம் பார்த்துவிட்டோம். 2023 ஆகஸ்ட் 26 விடியற்காலையில், மதுரை ரயில் நிலையத்துக்கு அருகே நிறுத்தியிருந்த சுற்றுலாப் பெட்டிக்குள் பயணிகள் கேஸ் சிலிண்டரைக் கொண்டுவந்து அடுப்பைப் பற்றவைத்தார்கள். 9 பேர் இறந்தார்கள். 2025 அக்டோபர் 14 அன்று ராஜஸ்தானில் ஜெய்சல்மேரிலிருந்து ஜோத்பூருக்குக் கிளம்பிய பஸ் தீப்பிடித்து 20 பேருக்கும் மேல் கருகினார்கள். ஏசி வசதியோடு மாற்றிக் கட்டப்பட்ட வண்டி அது. உள்ளே இருந்தவர்களுக்கு வெளியேற வழி கிடைக்கவில்லை.

உங்கள் கேரவனின் உள்சுவரைத் தட்டிப் பாருங்கள். பிளைவுட், அதன்மேல் ரெக்சின், பின்னால் ஃபோம். அத்தனையும் எரியும், எரியும்போது வரும் புகை நெருப்புக்கு முன்னால் ஆளை வீழ்த்தும். இதற்குள் வெல்டிங் வைப்பதோ கிரைண்டர் பிடிப்பதோ கூடவே கூடாது. பொறி பிளைவுட் இடுக்கில் விழுந்து, நீங்கள் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போன பிறகு கனிந்து எரியும். வண்டியோரம் பந்தல் மாதிரி இழுத்துக் கட்டி, அந்த வேலைகளை வெளியே செய்யுங்கள். கேஸ் கட்டிங் செய்பவர்கள் அசிட்டிலீன் சிலிண்டரைப் படுக்கவைத்துக் கொண்டுபோகாதீர்கள். உள்ளே இருக்கும் அசிட்டோன் வெளியே வந்துவிடும். ஆக்சிஜன் ரெகுலேட்டரை கிரீஸ் கையோடு தொடாதீர்கள். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில் தங்கும். மேலே ஃபேன் ஓடுகிறது என்று தைரியமாக இருக்க முடியாது. தரை மட்டத்தில் திறப்பு வேண்டும். வீட்டுச் சிலிண்டரைத் தொழிலுக்கு வைப்பது சட்டப்படியும் குற்றம்.

பின்கதவையோ அவசர வழியையோ மறைத்து கம்ப்ரஸரை வைக்காதீர்கள். இடம் பற்றவில்லை என்று எல்லோரும் முதலில் அடைப்பது அந்த வழியைத்தான். தீயணைப்பான் கதவோரம் இருக்கட்டும். வெளியிலிருந்து கையை நீட்டி எடுக்க முடிய வேண்டும்.

எடை பற்றிச் சுருக்கமாக. ஆர்.சி.யில் மொத்த எடை வரம்பு இருக்கிறது. மெஷின், தண்ணீர், ஆட்கள் எல்லாம் ஏறிய பிறகு எடை மேடைக்கு ஓட்டிப்போய்ப் பாருங்கள். பின்சக்கரத்துக்குப் பின்னால் பாரம் குவிந்தால் முன்சக்கரம் இலேசாகி ஸ்டியரிங் பேச்சைக் கேட்காது. டயரில் நீள்வட்டத்துக்குள் இருக்கும் நாலு இலக்கத்தைப் படியுங்கள். 1916 என்றால் 2016-ஆம் வருஷத்தின் 19-ஆவது வாரத்தில் செய்தது. நின்றே கிடந்த வண்டியின் டயர் பட்டன் தேயாமல் புதுசு போலத் தெரியும், ரப்பர் செத்திருக்கும்.

கடைசியாகக் காகிதம். வண்டியின் அமைப்பை இஷ்டப்படி மாற்ற மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு அனுமதிப்பதில்லை. தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களுக்கு மாறாக மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தெளிவாகச் சொல்லிவிட்டது. அதே வருஷம் வந்த திருத்தத்தின்படி, அனுமதியின்றி மாற்றிய உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். வெட்டி ஒட்டிய பிறகு ஆர்டிஓ அலுவலகத்துக்குப் போய்ப் பயனில்லை. வரைபடத்தோடு முதலில் போய்க் கேளுங்கள். அனுமதி கிடைத்த பிறகு தச்சரைக் கூப்பிடுங்கள்.

இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுதுங்கள். வண்டி இனி பட்டறையாக ஓடும், உள்ளே இன்னின்ன மெஷின் இருக்கும், வாடிக்கையாளர் ஏறி இறங்குவார்கள் என்று சொல்லி, பாலிசி எதையெல்லாம் ஏற்கும் என்று எழுத்தில் பதில் வாங்குங்கள். வண்டி ஓடும்போது நடக்கும் விபத்துக்கான பாலிசி, நின்ற இடத்தில் படியேறுபவருக்கு நேர்வதையும் பார்த்துக்கொள்ளும் என்று நீங்களாக நினைத்துக்கொள்ளக் கூடாது.

விற்பவர் பெயரிலிருந்து உங்கள் பெயருக்கு ஆர்.சி. மாறாமல் ஒரு நாள்கூட ஓட்டாதீர்கள். ஹைபாதிகேஷன் என்று ஆர்.சி.யில் இருந்தால் கடன் இன்னும் தீராமல் இருக்கலாம். ஃபைனான்ஸ்காரர் தடையில்லாச் சான்று தரும்வரை கைமாற்றாதீர்கள். எஃப்.சி. எந்தத் தேதிவரை இருக்கிறது, சாலை வரி கட்டியிருக்கிறதா, பழைய அபராதம் நிலுவையில் இருக்கிறதா என்பதை வண்டி எண்ணைப் போட்டு நீங்களே அரசின் வாகன் தளத்தில் பாருங்கள். "பேரை அப்புறம் மெதுவா மாத்திக்கலாம் சார், முதல்ல வண்டியை எடுத்துட்டுப் போங்க" என்று யாராவது சொன்னால், அட்வான்ஸ் பணத்தோடு வீடு திரும்புங்கள்.