எந்த ஊர் ஆங்கிலம், எந்த ஊர்த் தேதி?



இந்த நினைவுச் சொற்பொழிவில் ஒரு சின்னக் கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். நம் மக்களைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதத் தொடங்கியிருக்கும் பிள்ளைகள் அடிக்கடி கேட்பது இது: இங்கிருந்து அமெரிக்கா போய்விட்ட ஒருவரைப் பற்றி எழுதினால் எந்த நாட்டு ஆங்கிலத்தில் எழுதுவது? தேதியில் நாள் முதலிலா, மாதம் முதலிலா?

தேதியிலிருந்து தொடங்குவோம். அண்ணல் அம்பேத்கர் மறைந்தது 1956 டிசம்பர் 6. நாம் 6/12/1956 என்று எழுதுவோம். அமெரிக்காவில் இருப்பவர் அதை ஜூன் 12 என்று படிப்பார். தியாகி இம்மானுவேல் சேகரன் கொல்லப்பட்ட 11/9/1957 அங்கே நவம்பர் 9 ஆகிவிடும். ஏப்ரல் 14க்கு அந்த ஆபத்து இல்லை, பதினான்காம் மாதம் எந்த நாட்டிலும் கிடையாது. நாள் 12க்குள் இருந்தால்தான் வம்பு. ஆகவே மாதத்தை எழுத்தால் எழுதுங்கள். அமெரிக்க விசாவிலேயே பிறந்த மாதத்தை மூன்றெழுத்தில்தான் அச்சிடுகிறார்கள்.

எந்த நாட்டு முறை என்பதற்கு, எழுதும் செய்தி எந்த மண்ணோடு கட்டப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். அம்பேத்கர் 1913 முதல் 1916 வரை கொலம்பியாவில் படித்தார் என்பதற்காக அவர் வாழ்க்கையை அமெரிக்க எழுத்துக்கூட்டலில் எழுதமாட்டோம். சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்து சியாட்டில் நகர்மன்றம் 2023 பிப்ரவரி 21 அன்று நிறைவேற்றிய சட்டத்தைப் பற்றி எழுதினால் அமெரிக்க முறையே சரி. பாதி வாழ்க்கை இங்கே, பாதி அங்கே என்றால்? அவருடைய வேலையும் போராட்டமும் எங்கே நடந்தனவோ அந்த ஊர் முறையைக் கடைசிவரை வைத்துக்கொள்ளுங்கள். ஒரே கட்டுரையில் இரண்டையும் கலக்காதீர்கள்.

ஆனால் ஆவணத்தில் கை வைக்காதீர்கள். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து 'ட்ரூரோ' கப்பல் டர்பன் போய்ச் சேர்ந்தது. நேட்டாலுக்குப் போன ஒப்பந்தக் கூலிகளின் கப்பல் பட்டியல்களில் பெயர், தகப்பன் பெயர், சாதி, மாவட்டம், கிராமம் எல்லாம் உண்டு. பெயரைக் குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதினார். அதைத் திருத்திவிட்டால் நாளை பாட்டனைத் தேடி வரும் பேரன் பட்டியலில் அவரைக் கண்டுபிடிக்க முடியாது. அதிலுள்ள சாதிப் பெயரையும் 'கூலி'யையும் மேற்கோளுக்குள்ளேயே விடுங்கள். உங்கள் சொந்த வாக்கியத்துக்குள் இழுத்து வராதீர்கள்.

எழுத்துக்கூட்டலைவிட எனக்குப் பெரிய கவலை சொற்களைப் பற்றித்தான். 1820களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் சேர்வராயன் மலையில் காப்பி நட்டது முதல் ஏற்காட்டில் 'எஸ்டேட்' என்றால் தோட்டம். இங்கே லைன் வீட்டில் பிறந்து வெளிநாடு போனவரை 'எஸ்டேட்டில் பிறந்தவர்' என்று எழுதிப் பாருங்கள். அமெரிக்க வாசகர் அவரைப் பெரிய மாளிகைக்காரர் பிள்ளை என்று நினைத்துக்கொள்வார்! நாம் சேரியைக் 'காலனி' என்கிறோம். வெளியே அதற்கு அந்தப் பொருளே இல்லை. இத்தகைய சொற்களை விட்டுவிடச் சொல்லவில்லை. அரை வரி விளக்கம் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

அதைவிடச் சிக்கல் 'மலையாளி'. இந்த மலையின் பட்டியல் பழங்குடியினரின் பெயர் அது. அவர்கள் பேசுவது தமிழ். காஞ்சியிலிருந்து வந்தவர்கள் என்பது அவர்களுடைய வழிவழிக் கதை. ஆங்கிலத்தில் விளக்கமில்லாமல் எழுதினால் உலகம் முழுவதும் கேரளத்துக்காரர் என்றே படிக்கும். வளைகுடாவுக்குப் போன ஏற்காட்டு மலையாளி ஒருவரைப் பற்றி எழுதினால் அந்த ஒரு சொல்லிலேயே அவருடைய ஊர், மொழி, பழங்குடி என்ற உரிமை எல்லாம் காணாமல் போய்விடும். 'சேர்வராயன் மலைப் பழங்குடியான மலையாளி' என்று முதல் இடத்திலேயே எழுதிவிடுங்கள்.

பிழைப்புக்காக மாநில எல்லை தாண்டிப் போகிறவர்களுக்கும் இது பொருந்தும். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திரப் போலீசார் சுட்டதில் தமிழ்நாட்டிலிருந்து போன 20 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் நம் வட மலைகளின் மலையாளிப் பழங்குடியினர். ஆங்கிலச் செய்திகள் சில 'கடத்தல்காரர்கள்' என்றன, சில 'மரம் வெட்டும் தொழிலாளர்கள்' என்றன. அந்தக் கட்டுரையை எழுதப்போகிறவர் உங்களில் யாராவது இருந்தால், மாதத்தை எழுத்தால் எழுதுங்கள். 7/4 என்று விட்டால் அமெரிக்காவில் ஜூலை 4. அது அவர்களுடைய சுதந்திர தினம்.