வெறுங்கையும் மரக்கோலும்

பள்ளி விட்டதும் வெள்ளைச் சீருடை அணிந்து, இடையில் வண்ணப் பட்டை கட்டிக்கொண்டு கராத்தே வகுப்புக்கு விரையும் சிறுவர் சிறுமியரை இன்று நம் ஊர்களில் பரவலாகக் காண்கிறோம். ‘நானும் சேரட்டுமா?’ என்று பிள்ளை கேட்கும்போது பெற்றோர் உள்ளத்தில் இரண்டு எண்ணங்கள் எழுவது இயல்பு. தன்னைக் காத்துக்கொள்ளும் துணிவு பிள்ளைக்கு வரவேண்டும் என்னும் ஆவல் ஒன்று. கையோங்கும் முரட்டுத்தனம் வந்துவிடுமோ என்னும் அச்சம் மற்றொன்று. கோலும் அரிவாளும் சுழற்றக் கற்பிப்பார்கள் என்று கேள்விப்பட்டால் அவ்வச்சம் இருமடங்காகிறது. இக்கலையின் வரலாற்றையும் பயிற்சி முறையையும் அறிந்தோமாயின், தெளிந்த முடிவுக்கு வருதல் எளிது.

தீவில் பிறந்த கலை

கராத்தேயின் தாயகம் ஒக்கினாவாத் தீவு. இன்று ஜப்பானின் ஒரு மாநிலமாக விளங்கும் அது, 1879 வரை ரியூக்கியு என்னும் தனி அரசாக இருந்தது. சீன நாட்டோடு கொண்ட வணிகத் தொடர்பினால் அங்கிருந்து வந்த போர்முறைகளும், தீவினரின் சொந்தக் கைப்போர் முறைகளும் கலந்து இக்கலை உருவாயிற்று. நெடுங்காலம் இது ஒரு சிலருக்கு மட்டும் மறைவாகக் கற்பிக்கப்பட்டது. 1901-இல் இத்தோசு ஆன்கோ என்னும் ஆசான் இதனைப் பள்ளிக்குள் கொண்டுவந்தார். மாணவருக்கென எளிய பயிற்சித் தொடர்களையும் அமைத்துத் தந்தார். 1908-இல் அவர் எழுதிய புகழ்பெற்ற மடலில், இக்கலை சண்டைக்குப் போவதற்கன்று, எதிர்பாராமல் தீயவன் குறுக்கிட்டால் ஊறுபடாமல் தப்புவதற்கே என்பதைத் தெளிவுபடுத்தினார்.

அவருடைய மாணவரும் பள்ளி ஆசிரியருமான புனாகோஷி கிச்சின், 1922-இல் டோக்கியோ நகரில் இதனை அரங்கேற்றிக் காட்டினார். கராத்தே பயின்றவர் தாக்குதலைத் தொடங்கலாகாது என்பதே அவர் வலியுறுத்திய நெறி. ‘கராத்தே’ என்பதன் பொருளும் ‘வெறுங்கை’ என்பதே. ஓராண்டு தள்ளி 2021-இல் நடைபெற்ற டோக்கியோ ஒலிம்பிக் போட்டிகளில் கராத்தே இடம்பெற்றது. அதில் ஆடவர் ‘கட்டா’ பிரிவில் தங்கம் வென்ற கியூனா ரியோ ஒக்கினாவாவின் மைந்தர்.

ஆறு கருவிகள்

வெறுங்கைக் கலைக்கு உடன்பிறப்பாக அத்தீவில் வளர்ந்த ஆயுதக் கலைக்குக் ‘கொபுடோ’ என்று பெயர். ஏறத்தாழ ஆறடி நீளமுள்ள ‘போ’ என்னும் கோல், முக்கிளை கொண்ட இரும்புச் ‘சை’, கைப்பிடியுள்ள ‘டோன்பா’, இணைகோலாகிய ‘நுஞ்சாக்கு’, ‘காமா’ என்னும் அரிவாள், படகுத் துடுப்பான ‘ஏகு’ ஆகியவை இதில் முக்கியமானவை. இவை யாவும் உழவர் கருவிகளே என்று கூறுவாருண்டு. அரிவாளுக்கும் துடுப்புக்கும் அது பொருந்தலாம். ‘சை’யோ ரியூக்கியுவில் காவலர் ஏந்திய கருவி. மறையவிருந்த இப்பயிற்சிகளைத் தேடித் தொகுத்துக் காத்தவர்களுள் தைரா ஷின்கென் (1897–1970) குறிப்பிடத்தக்கவர்.

நமக்கும் இது முற்றிலும் அயலானதன்று. மூங்கில் கம்பும், மான்கொம்பும், சுருள்வாளும் கொண்ட சிலம்பம் நம் மண்ணின் செல்வமன்றோ! காலடி வைப்பைக் கற்ற பின்னரே கம்பு வீச்சு என்பது நம் ஆசான்களின் முறை. ஒக்கினாவாவிலும் நிலையும் நடையும் பழகிய பிறகே கோல் கைக்கு வருகிறது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடைபெற்ற கேலோ இந்தியா இளையோர் விளையாட்டுகளில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. பிள்ளைக்குக் கராத்தே வாய்க்காத ஊரில் சிலம்ப ஆசான் இருப்பாராயின், அதுவும் நன்றே.

வகுப்பில் நடப்பது என்ன?

வகுப்பு வணக்கத்தில் தொடங்கி வணக்கத்தில் முடிகிறது. உடலைச் சூடேற்றிய பின் குத்து, உதை, தடுப்பு ஆகிய அடிப்படைகள் திரும்பத் திரும்பப் பழக்கப்படும். அடுத்து, கற்பனை எதிரியை முன்னிறுத்தி வரிசையாகச் செய்யும் ‘கட்டா’. அதன்பின் துணைவரோடு அளவறிந்து மோதும் ‘குமித்தே’. ஓங்கிய கையை எதிரிலிருப்பவர் மேல் படாமல் நிறுத்தப் பழகுவதே இதில் அரிய பாடம். அவ்வகையில் நல்ல வகுப்பு சினத்தை வளர்ப்பதில்லை, அடக்கவே கற்பிக்கிறது. கறுப்புப் பட்டையும் கல்வியின் முடிவன்று. அதன் முதல் தகுதியாகிய ‘ஷோடான்’ என்பதற்குத் தொடக்கப் படி என்றே பொருள்.

பெற்றோர் கவனிக்க வேண்டியவை

சேர்க்கும் முன் ஒரு வகுப்பை முழுமையாக அமர்ந்து பாருங்கள். பெற்றோர் பார்க்கத் தடை சொல்லும் இடத்தில் பிள்ளையை விடாதீர்கள். பயிற்சியாளர் யாரிடம் கற்றவர், அவருடைய சங்கம் எந்த அமைப்போடு இணைந்தது, பட்டைத் தேர்வுக்குக் கட்டணம் எவ்வளவு என்பனவற்றை முன்னரே கேட்டறியுங்கள். மோதற் பயிற்சியில் காப்புறைகள் அணிகிறார்களா, தலையில் அடிபடாமல் காக்கிறார்களா, முதலுதவிப் பெட்டி உள்ளதா என்று நோக்குங்கள். ஆயுதப் பயிற்சி மரக் கருவிகளோடு, போதிய இடைவெளி விட்டு நடைபெற வேண்டும். முடிந்ததும் கருவிகள் பூட்டி வைக்கப்பட வேண்டும். இழுப்பு நோயோ இதய நோயோ உள்ள பிள்ளைக்கு மருத்துவரின் ஒப்புதல் இன்றியமையாதது.

எல்லாவற்றினும் மேலான ஒன்று உண்டு. பெண் பிள்ளையைக் கராத்தேயில் சேர்த்துவிட்டோம், இனிக் கவலையில்லை என்று இருந்துவிடலாகாது. குழந்தைகளுக்கு இழைக்கப்படும் பாலியல் கொடுமைகளில் பெரும்பாலானவற்றில், குற்றம் செய்பவர் அக்குழந்தை ஏற்கெனவே அறிந்த ஒருவரே. அங்கே குத்தும் உதையும் உதவுவது அரிது. ‘வேண்டாம்’ என்று உரத்துச் சொல்லும் துணிவும், அவ்விடத்தை விட்டு ஓடும் விரைவும், வீட்டில் வந்து அஞ்சாமல் சொல்லும் உரிமையுமே உதவும். முதலிரண்டையும் நல்ல ஆசான் கற்பிப்பார். மூன்றாவதைத் தரவேண்டியவர்கள் தாயும் தந்தையுமே. பிள்ளை சொல்வதைக் கடிந்துகொள்ளாமல் கேளுங்கள், நம்புங்கள். இடர் நேருமாயின் 1098 என்னும் குழந்தைகள் உதவி எண்ணை அழைக்கத் தயங்காதீர்கள்.

வகுப்பு முடிந்து திரும்பும் பிள்ளையிடம், ‘இன்று யாரை வீழ்த்தினாய்?’ என்று கேட்பதைவிட, ‘இன்று என்ன கற்றாய்?’ என்று கேட்பது நலம். அவ்வாறு நாள்தோறும் பேசிப் பழகிய பிள்ளைக்கு, துன்பம் நேரும் நாளிலும் வாய் திறக்கும் துணிவு இருக்கும்.