"ஆச்சி, எனக்கு ஏன் அப்பம் இல்ல?"

பெரிய வியாழன் ராத்திரி ஆராதனை. பெரியவர்கள் ஒவ்வொரு வரிசையாக எழுந்துபோய் முழங்கால் போட, போதகரான ஐயர் அப்பமும் திராட்சரசமும் கொடுத்துக்கொண்டே வந்தார். எனக்கு ஏழு வயது இருக்கும். பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தவன், ஆச்சி திரும்பி வந்ததும் கேட்டேன், "ஆச்சி, எனக்கு மட்டும் ஏன் அப்பம் இல்ல?"

"திடப்படுத்தல் எடுத்தப்பெறவு உனக்கும் தருவாவ. இப்ப வாய மூடிட்டு இரி."

எங்கள் ஊர் கடையம். வெளியூர்க்காரர்களுக்கு அது பாரதியின் மனைவி செல்லம்மாள் பிறந்த ஊர், பாரதி இரண்டு வருஷம் இருந்த ஊர். வேதக்காரர்கள் என்று சொல்லப்படும் கிறிஸ்தவர்களாகிய நாங்களும் இங்கே இருக்கிறோம். அந்த ராத்திரியில் கேட்க வேண்டிய கேள்வியைத்தான் நான் கேட்டிருக்கிறேன் என்று தெரியவர எனக்கு இருபது வருஷம் பிடித்தது.

யூதர் வீடுகளில் பஸ்கா விருந்தன்று, சாப்பாட்டில் கை வைப்பதற்கு முன், இருப்பவர்களில் ஆக இளைய பிள்ளை கேள்வி கேட்க வேண்டும். இன்றைக்கு மட்டும் ஏன் புளிப்பில்லாத ரொட்டி? ஏன் கசப்புக் கீரை? பெரியவர்கள், தங்கள் முன்னோர் எகிப்தில் அடிமைப்பட்டுக் கிடந்த கதையைத் தொடங்குவார்கள். கசப்பு அந்த அடிமை வாழ்வுக்காக. மாவு புளிக்கும்வரை காத்திருக்க நேரமில்லாமல் ராவோடு ராவாகக் கிளம்பினார்களே, அதற்காக இந்த ரொட்டி. பிள்ளைகள் கேட்பார்கள், பதில் சொல்லுங்கள் என்ற ஏற்பாடு யாத்திராகமம் 12, 13 அதிகாரங்களிலேயே இருக்கிறது. பிள்ளை இல்லாத வீட்டில் மனைவி கேட்க வேண்டும். தனியாள் தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டும் என்று ரபிமார் விதித்திருக்கிறார்கள். இயேசுவின் கடைசி விருந்தும் பஸ்கா விருந்துதான் என்கிறார்கள் மத்தேயுவும் மாற்கும் லூக்காவும். யோவான் கணக்கில் ஒரு நாள் முந்துகிறது. அது பண்டிதர்கள் பாடு.

மாவில் தண்ணீர் பட்டால் 18 நிமிஷத்துக்குள் ரொட்டியைச் சுட்டு எடுத்துவிட வேண்டும் என்பது யூதர்களின் கணக்கு. ராத்திரி அரைத்து, புளித்துப் பொங்கட்டும் என்று மூடிவைக்கும் நமக்கு இது வேடிக்கையாக இருக்கும். ஆனால் செங்கோட்டை தாண்டி, ஆரியங்காவுக் கணவாய் வழியாக மலைக்கு அந்தப் பக்கம் இறங்கிப் பாருங்கள். கேரளத்து நஸ்ராணிக் கிறிஸ்தவர் வீடுகளில் பெரிய வியாழனன்று அவிக்கும் பெசகா அப்பத்துக்குச் சாமான், நம் இட்லிக்குப் போடும் அதே அரிசியும் உளுந்தும்தான். புளிக்க மட்டும் விடமாட்டார்கள். குருத்தோலை ஞாயிறன்று கோயிலில் கொடுத்த ஓலையைச் சிலுவையாக மேலே வைப்பார்கள். தொட்டுக்கொள்ளத் தேங்காய்ப்பாலும் வெல்லமும் சேர்த்துக் காய்ச்சிய பால். வீட்டுக்கு மூத்தவர் ஜெபம் பண்ணி அறுத்து, வயது வரிசைப்படி கொடுப்பார். வரிசையின் கடைசியில் குழந்தையும் கை நீட்டும். அந்த வருஷம் சாவு விழுந்த வீட்டில் அப்பம் அவிக்கமாட்டார்கள். அக்கம்பக்கத்தாரும் சொந்தக்காரர்களும் கொண்டுவந்து கொடுப்பார்கள். "நம்ம வீட்ல ஏன் சுடல?" என்று ஒரு பிள்ளை கேட்டால் போதும், செத்துப்போன தாத்தாவின் கதை வந்துவிடும்.

நம் பக்கம் வந்த மிஷனரிகள் விருந்தைக் கோயிலோடு நிறுத்திக்கொண்டார்கள். புரியாமல் அப்பம் வாங்கக்கூடாது என்ற கவலை நியாயமானதுதான். ஆனாலும் கேள்வி கேட்கிற வயதில் பிள்ளையைப் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு, கேட்பதை விட்டுவிட்ட வயதில் திடப்படுத்தல் சடங்கை முடித்துக் கூப்பிட்டுக் கொடுக்கிறோம்.

என்னைக் காப்பாற்றியது, சபையின் பொதுச்சாப்பாடான அசனப் பண்டிகை. அண்டா அண்டாவாகச் சோறு, ஆட்டுக்கறிக் குழம்பு, சபையே ஒரே பந்தியில். அங்கே எனக்கும் இலை உண்டு. அப்படி ஒரு பந்தியில்தான், எங்கள் குடும்பத்தில் முதன்முதல் ஞானஸ்நானம் எடுத்தவரின் பழைய பெயரைத் தாத்தா சொன்னார். வீட்டு வேதபுத்தகத்தின் முன்தாளில் பழைய பெயரும் புதுப் பெயரும் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கும், பழையதை அடித்துவிடவில்லை.

நெல்லைச் சீமைக்கும் ஒரு யாத்திராகமம் உண்டு. சொந்த ஊரில் இருக்கவிடாமல் துரத்தப்பட்ட புதுக் கிறிஸ்தவர்களுக்காக 1799இல் நிலம் வாங்கி அமைத்த முதல் ஊர் என்பதால்தான் முதலூருக்கு அந்தப் பெயர். 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த மிஷனரி ரேனியஸ் ஐயர், இதே வேலைக்காகப் பின்னால் தர்ம சங்கத்தைத் தொடங்கினார். இத்தனை நடந்திருந்தும், இதை நினைவூட்ட நம் வீட்டுச் சாப்பாட்டில் ஒரு பண்டமும் இல்லை. பிறகு பிள்ளை எதைப் பார்த்துக் கேட்கும்?

வருகிற பெரிய வியாழன் கோயிலிலிருந்து திரும்பியதும் டிவியைப் போடாதீர்கள். எல்லோரும் தரையில் உட்காருங்கள். புளிக்காத மாவில் நாலு ரொட்டி, பனையேறிய பாட்டன்மார் நினைவாக ஒரு துண்டு கருப்பட்டி, இது போதும். ஆச்சி இருக்கிற வீடென்றால், ஆக இளைய பிள்ளைக்கு அவள் பக்கத்திலேயே இலையைப் போடுங்கள். திடப்படுத்தல் வரைக்கும் காத்திருக்க வேண்டாம்.